படையலில் எடுத்த குளிசை

மத்தியான நித்திரையால் எழும்பியபோது பரமலிங்கத்தாரின் நாக்குக்கு அடியில் கசந்தது.

அறுபது வயது மனிதருக்கு வாய் கசக்க ஆயிரம் காரணம் இருக்கலாம் என்று அவர் முதலில் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் அன்று தின்றது நாயாற்றிலிருந்து வந்த திரளிமீன் குழம்பும் மாங்காய்ச் சொதியும். அதில் கசப்பதற்கு ஒன்றும் இல்லை. சாய்மனைக் கதிரையில் கிடந்தபடியே நாக்கை மடித்துத் துழாவினார். கீழ்ப் பல்வரிசைக்குப் பின்னால், ஈரமான அந்தக் குழிக்குள், ஏதோ நறநறத்தது. விரலால் தோண்டி எடுத்துப் பார்த்தார். வெள்ளைத் தூள். கரைந்து முடியப்போகும் ஒரு குளிசையின் மிச்சம்.

அவர் ஒரு குளிசையும் போட்டிருக்கவில்லை.

வெளியே சோளகம் வீசிக்கொண்டிருந்தது. ஆனி மாதத்தில் அந்தக் காற்று ஒட்டுசுட்டானுக்குள் புகுந்துவிட்டால் பின்னேரம் வரைக்கும் ஓயாது. காய்ந்த வயல்களின் புழுதியை அள்ளிக்கொண்டு வரும், கூரைத் தகரத்தின் கழன்ற மூலையைப் பிடித்து நெடுக அடித்துக்கொண்டிருக்கும், மூடிய யன்னலின் கீறல்களுக்குள்ளால் நுழைந்து சட்டி பானையெல்லாம் மண்ணாக்கிவிடும். அந்தப் புழுதி மணத்துக்குள் இன்னொரு மணம் கலந்திருந்தது. தேசிக்காய்த் தோல். யாரோ பக்கத்தில் நின்று விரலால் கசக்கியது போன்ற, மூக்கை அரிக்கிற பச்சை எலுமிச்சை மணம். வீட்டில் ஒரு தேசிக்காய்கூட இல்லை என்று மனைவி சிவனேஸ்வரி காலையில்தான் புறுபுறுத்திருந்தாள்.

அவர் எழும்பி முன்னறைக்குப் போனார். முன்னறைதான் அவருடைய மருந்துக்கடை. வவுனியா அரசாங்க ஆஸ்பத்திரியில் முப்பது வருசம் மருந்து கலந்து கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர் அவர். டொக்டர் இல்லை. ஆனால் ஊர் ‘டொக்டர்’ என்று கூப்பிட்டது, அவரும் ஒருநாளும் இல்லையென்று சொன்னதில்லை. மேசை லாச்சியைத் திறந்தார். உள்ளே வெள்ளித் தகடு ஒட்டிய ஒரு குளிசை அட்டை கிடந்தது. பத்துக் குளிசை. நேற்று வைக்கும்போது பத்தும் இருந்தன. இப்போது ஒரு குழியின் தகடு கிழிந்து, உள்ளே வெறுமையாக இருந்தது.

அவர் லாச்சியைச் சட்டென்று சாத்தினார். ஏனென்றால் அந்த அட்டை அவருடையது இல்லை. அது செத்த ஒருவனுடையது.

செந்தூரனைப் பற்றிச் சொல்லவேண்டும். அவன் முத்தையன்கட்டுப் பொடியன். குளத்துத் தண்ணீரை நம்பி யாழ்ப்பாணத்தாலே வந்து குடியேறிய குடும்பம். சமாதானம் வந்துவிட்டது, பாதை திறந்தாயிற்று என்று எல்லோரும் திரும்பி வந்த வருசம் அவனும் வந்து பற்றை வளர்ந்த காணியை வெட்டத் தொடங்கினான். மூன்றாம் நாள் மிதிவெடி ஒரு காலைக் கொண்டுபோனது. ஆஸ்பத்திரியில் நோவுக்குப் போட்ட ஊசி காலின் நோவை ஆற்றியது, ஆனால் ஆளைப் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்த பிறகும் ஊசி, ஊசி என்று கிடந்து உருண்டான். தாய் இராசமலர்தான் அவனை ஒரு லான்ட்மாஸ்டர் உழவு மிசினில் ஏற்றிப் பரமலிங்கத்தாரிடம் கொண்டுவந்தாள்.

அவரிடம் ஒரு குளிசை இருந்தது. ஊசி மறக்கிற குளிசை என்று சனம் சொல்லும். விழுங்கக் கூடாது, நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விடவேண்டும். உண்மையிலேயே நல்ல மருந்துதான். தெரிந்த டொக்டர்மாரின் கண்ணுக்கு முன்னால் கொடுத்து, மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டு போனால் ஆளைக் கரைசேர்க்கும். அந்தக் குறைப்புத்தான் பரமலிங்கத்தாரிடம் இருக்கவில்லை. அந்தக் குளிசையும் ஆளைப் பிடிக்கும் என்று பெட்டிக்குள் இருந்த துண்டிலேயே எழுதியிருந்தது. கண்ணாடி போட்டு அதை வாசித்தவர்தான் இராசமலரிடம், “இது மருந்து தங்கச்சி, பழக்கத்துக்கு விடாது, நான் பொறுப்பு” என்றார்.

ஏன் சொன்னார்? காசு ஒரு பக்கம் இருக்கட்டும். ஓய்வு பெற்ற பிறகு அவரைத் தேடி ஒருவரும் வரவில்லை. இந்தக் குளிசை வந்த பிறகு விடியவே வாசலில் ஆள் நின்றது. நீள மர வாங்கில் வரிசையாக இருந்து, அவர் வரும்வரைக்கும் உள்வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் சனம். ஒருவர் கையிலும் குளிசையைக் கொடுக்க மாட்டார். வாயைத் திறக்கச் சொல்லி, தன்னுடைய பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் தானே நாக்குக்கு அடியில் வைத்து, உதட்டை உள்ளங்கையால் ஒரு தரம் பொத்திவிடுவார். கரையும்வரை கதைக்கக் கூடாது. வளர்ந்த ஆம்பிளைகள் குஞ்சுகளைப் போல வாயைத் திறந்துகொண்டு இருப்பதைப் பார்க்க அவருக்கு உள்ளூர ஒரு சந்தோசம். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டு வருசம் செந்தூரன் அப்படி வந்து போனான். குளிசை வைத்ததும் பொக்கற்றுக்குள்ளிருந்து ஒரு தேசிக்காய்த் தோலை எடுத்து மணந்துகொண்டிருப்பான். அந்தக் கசப்பு வயிற்றைப் பிரட்டும் என்பான். அளவு கூடியதே தவிரக் குறையவில்லை. பிறகு வவுனியாவிலிருந்து மருந்துப் பெட்டி ஏற்றிவரும் றவூப் நானாவின் லொறி மூன்று கிழமை வரவில்லை. பரமலிங்கத்தார் ஒரு சொல்லும் சொல்லாமல் பாதிக் குளிசை ஆக்கினார், பிறகு அதையும் நிறுத்தினார். செந்தூரன் நித்திரையில்லாமல் துடித்தபோது, வாசலில் நின்று அழுகிறானே என்ற எரிச்சலில், நித்திரைக்கென்று ஒரு பை மஞ்சள் குளிசையைக் கையில் திணித்து அனுப்பினார். லொறி வந்ததும் பழையபடி முழு வெள்ளைக் குளிசை. மறுபடி வாசலில் வந்து அழாமல் இருக்கட்டும் என்று, வழமைக்கு மாறாக, புது அட்டை ஒன்றையும் அவன் கையில் கொடுத்துவிட்டார். மஞ்சளை நிறுத்திவிட்டாயா என்று கேட்கவில்லை. இரண்டும் ஒன்றாக உள்ளே போனால் மூச்சு மந்தமாகி நின்றுவிடும் என்பது முப்பது வருசம் மருந்து கலந்தவருக்குத் தெரியாதா? தெரியும். சோம்பலில் கேட்கப் பஞ்சிப்பட்டார்.

அன்று பின்னேரம் இராசமலர், மகன் கனநாளைக்குப் பிறகு கண்ணயர்ந்துவிட்டான் என்று கோழியைக்கூட முற்றத்தில் நிற்க விடாமல் துரத்திவிட்டு, பக்கத்தில் இருந்து விசிறிக்கொண்டிருந்தாள். விளக்கு வைக்கிற நேரம் காலைத் தொட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. செத்தவீட்டில் பரமலிங்கத்தார் இருதயம் பலவீனம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். இராசமலர் ஆட்டவில்லை.

எட்டாம் நாள் எட்டுச் செலவு. செத்தவருக்கு என்னென்ன ஆசையோ அதையெல்லாம் தலைவாழை இலையில் படைத்து, பிறகு பொழுதுபட முச்சந்தியில் கொண்டுபோய்க் கழித்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வருவார்கள். இராசமலர் நண்டுக் கறி வைத்தாள், புட்டு வைத்தாள், அவன் பிடிக்கிற சிகரெட்டை வைத்தாள். கடைசியாக, அவன் எல்லாவற்றையும்விட ஆசைப்பட்டதை வைத்தாள். அவனுடைய தலைமாட்டில் ஒன்றும் உடைக்காமல் மிஞ்சிக் கிடந்த அந்தக் குளிசை அட்டை.

இலை முச்சந்திக்குப் போகுமுன், சனம் கால் கழுவக் கிணற்றடிக்குப் போன நேரம், பரமலிங்கத்தார் குனிந்து அதை எடுத்துச் சேட்டுப் பொக்கற்றில் போட்டார். முச்சந்தியில் கிடந்தால் சின்னப் பிள்ளைகள் எடுத்து வாயில் போட்டுவிடும் என்று தனக்குத் தானே சொன்னார். அது ஒரு நல்ல நியாயம்தான். ஆனால் வழியில் கிடங்கு தோண்டிப் புதைக்காமல், வீட்டுக்குக் கொண்டுவந்து லாச்சியில் வைத்தாரே, அதற்கு நியாயம் இல்லை. சாமான் தட்டுப்பாடான நேரம், நாளைக்கு யாருக்காவது உதவும் என்று வைத்தார். செத்தவனுக்குப் படைத்ததை எடுக்கிற துணிவு அவருக்கு அவ்வளவு சுலபமாக வந்தது.

முதல் குளிசை கரைந்த மறுநாள் லாச்சியைப் பூட்டித் திறப்பை அரைஞாணில் கட்டிக்கொண்டு சரிந்தார். எழும்பியபோது கசந்தது. இரண்டாவது குழி கிழிந்திருந்தது. பூட்டு பூட்டினபடி.

சொல்ல வெட்கம், ஆனால் அவருக்கு உடம்பு நன்றாக இருந்தது. வருசக்கணக்காக மழைக்கும் வெயிலுக்கும் குத்துகிற முழங்கால் எங்கே என்று தேடவேண்டியிருந்தது. மூக்கு நுனி சுகமாக அரித்தது. நெஞ்சுக்குள் யாரோ வெந்நீரில் நனைத்த துவாயை விரித்துவிட்டது போன்ற ஒரு இளகல். பின்னேரத் தேத்தண்ணி கொண்டுவந்த சிவனேஸ்வரி அவருடைய முகத்தை உற்றுப் பார்த்து, கண்மணி கடுகளவாய்க் கிடக்கிறதே, இந்த வயதில் யாருக்குக் கண் சிமிட்டுகிறீர்கள் என்று பகிடி விட்டாள். அவர் சிரித்தார். கடுகளவுக் கண்மணி என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். அந்தக் குளிசை உடம்பில் ஏறியதன் அடையாளம் அது.

நாலாம் நாள் நித்திரையே கொள்வதில்லை என்று முடிவெடுத்தார். முன்னறை வாங்கில் முதுகு நிமிர்த்தி, கண்ணை அகலத் திறந்துகொண்டு இருந்தார். சுவர் மணிக்கூடு அடித்தது. தகரம் டங்கென்று தட்டியது, நின்றது, மறுபடி தட்டியது. குசினியில் சிவனேஸ்வரி கோப்பை கழுவுகிற சத்தம் கேட்டு, பிறகு அதுவும் ஓய்ந்தது. யன்னல் கீறலால் விழுந்த வெயில் கோட்டில் புழுதி மிதந்தது. அந்தக் கோடு ஒரு தரம் மறைந்து, மறுபடி தெரிந்தது. ஏதோ ஒன்று குறுக்கே கடந்திருந்தது.

தேசிக்காய் மணம் வந்தது.

அவருடைய உதட்டுக்குக் கீழே, நாடியை ஒரு பெருவிரல் தொட்டது. குளத்து அடித்தண்ணீரின் குளிர். அந்த விரல் அவசரப்படவில்லை. நாடியைக் கீழே அழுத்தியது. வாய் திறந்தது. அவர் திறக்கவில்லை, அது திறந்தது. இரண்டு விரல்கள் உள்ளே வந்து, நாக்கை மெதுவாக ஒதுக்கி, அடியில் எதையோ வைத்தன. பிறகு ஒரு உள்ளங்கை உதட்டைப் பொத்தியது. அவர் வைக்கிற அதே பக்குவம். ஒருவரையும் காணவில்லை. வாங்கின் மற்ற நுனி மட்டும் பாரம் ஏறியதுபோலக் கிரீச்சிட்டது.

கசப்புக் கரைந்து முடியும்வரைக்கும் அவரால் சத்தம் போட முடியவில்லை.

ஆறாம் நாள், இதற்கு ஒரே வழிதான் இருக்கிறது என்று தெளிந்தார். எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும். வெயில் தாழ, மிஞ்சின குளிசைகளோடு அட்டையை எடுத்துக்கொண்டு முத்தையன்கட்டு முச்சந்திக்குச் சைக்கிள் மிதித்தார். புளியமரத்துக்குக் கீழே எட்டுக் கழித்த இலை இன்னும் சருகாகிக் கிடந்தது. குனிந்தார். கையை நீட்டினார். இனி விரலை விரித்தால் போதும்.

விரல் விரியவில்லை. ஒரு பேயும் பிடிக்கவில்லை, ஒரு மந்திரமும் கட்டவில்லை. நாளைக்கு மத்தியானம் இது இல்லாவிட்டால் என்ன செய்வது என்று ஒரு நினைப்பு வந்தது, அவ்வளவுதான். பரமலிங்கத்தார் அட்டையைப் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டு சைக்கிளைத் திருப்பினார். அந்தக் குற்றத்தை மட்டும் அவரால் செந்தூரனின் தலையில் போட முடியாது.

பத்தாவது குழியும் வெறுமையானது. பதினோராம் நாள் மத்தியானம் அவர் கதிரையில் காத்துக் கிடந்தார். ஒருவரும் வரவில்லை.

பின்னேரம் முதல் கொட்டாவி வந்தது. தாடை கழன்றுவிடும் போன்ற கொட்டாவி, ஒன்றன்பின் ஒன்றாக. மறுநாள் மூக்கால் ஓடியது. நெருப்புப் போன்ற வெயிலில் கையெல்லாம் மயிர் கூச்செறிந்தது. படுத்தால் கால்கள் தாமாக உதைத்தன. ஒவ்வொன்றுக்கும் அவருக்குப் பெயர் தெரியும். வாசலில் வந்து நின்றவர்களிடம் இதே அடையாளங்களைப் பார்த்து, நாளைக்கு வாருங்கள் என்று கதவைச் சாத்தியவர்தானே.

அலுமாரியில் அவருடைய சொந்தக் குளிசைகள் இருந்தன. றவூப் நானா கொண்டுவந்த புதுப் பெட்டி. அவசர அவசரமாக ஒன்றை உடைத்து நாக்குக்கு அடியில் வைத்தார். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். கசக்கவில்லை. அரை மணித்தியாலம் கழித்து வெளியே எடுத்துப் பார்த்தார். விளிம்புகூடத் தேயாமல், ஆற்றுக் கல் போல அப்படியே இருந்தது. இன்னொன்று வைத்தார். பிறகு இன்னொன்று. சாய்ந்தரம் சிவனேஸ்வரி வந்து பார்த்தபோது மேசையில் ஒரு பீரிசு, அதில் ஈரமான ஆறு வெள்ளைக் குளிசை, எதிரே கண்ணீர் வடிய இருக்கிற புருசன்.

அவள் வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று கெஞ்சினாள். அங்கே விளங்கின டொக்டர்மார் இருக்கிறார்கள், உள்ளதைச் சொன்னால் படிப்படியாக நிற்பாட்டுவார்கள் என்றாள். நியாயமான கதைதான், அது நடந்திருந்தால் அவர் தப்பியிருக்கவும்கூடும். ஆனால் முப்பது வருசம் தன்னை ஐயா என்று கூப்பிட்ட இடத்தில் போய் வாயைத் திறந்துகொண்டு நிற்பதா என்று அவருக்கு ரோசம் வந்தது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருந்தது. வவுனியாவுக்குப் போனால் மத்தியானத்துக்கு வீட்டில் இருக்க முடியாது.

பதின்மூன்றாம் நாள் மத்தியானம் விரல்கள் வந்தன. முழுக் குளிசை இல்லை. ஒரு துணுக்கு. அரிசிக் குறுணல் அளவு. அதற்கே அவருடைய உடம்பு முழுவதும் தளர்ந்து, நன்றியில் கண் கலங்கியது. அடுத்த நாள் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பிறகு ஒரு பாதி. பிறகு நாலு நாள் ஒன்றுமே இல்லை. அவன் அளந்து கொடுத்தான், ஆறுதலாகக் கொடுத்தான், கொடுக்காமல் பக்கத்தில் இருந்து பார்த்தான். கொடுக்காத நாட்களிலும் வாங்கு கிரீச்சிடும், மணம் வரும். பரமலிங்கத்தார் வாயைத் திறந்துகொண்டு கிடப்பார். எச்சில் வழிந்து உடுத்திருந்த சாரம் நனையும்.

மருந்துக்கடை திறப்பது நின்றது. ஒரு மத்தியானம் சிவனேஸ்வரி கதவுக்கு வெளியே நின்று, “இஞ்சேருங்கோ, உள்ளுக்கை ஆரோடை இருக்கிறியள்?” என்று கேட்டாள். “ரெண்டு பேர் மூச்சு விடுற சத்தம் கேக்குது,” என்றாள். அடுத்த நாள் காலை பஸ்ஸில் வவுனியாவிலுள்ள தமக்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஒரு நம்பிக்கைதான் அவரைப் பிடித்து வைத்திருந்தது. செத்த நாளிலிருந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. அன்று கிரியை செய்து, தண்ணீரில் கரைத்து, சீவனை வழியனுப்பி விடுவார்கள். அதற்குப் பிறகு செத்தவருக்கு இந்த உலகத்தில் ஒரு வேலையும் இல்லை. செந்தூரன் போய்விடுவான். பிறகு பத்து நாள் நரகம்தான், கை கால் உதறும், வயிற்றால் போகும், ஆனால் தாண்டலாம். தாண்டினால் மனிசன். கலண்டரில் அந்தத் தேதியைச் சிவப்பால் வட்டம் போட்டு, அதையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

அந்த நாளும் வந்தது. கடைசியாகத் துணுக்குக் கிடைத்து ஐந்து நாளாகியிருந்தது. அந்தியேட்டியைத் தன் கண்ணாலே பார்த்தால்தான் மனம் ஆறும் என்று சைக்கிளை எடுத்தார். வாய்க்கால் கரை ரோட்டில் சோளகம் முகத்தில் மண்ணை அள்ளி எறிந்தது. இரண்டு இடத்தில் விழுந்தார். முத்தையன்கட்டுக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில்.

படலையடியில் வாகனம் ஒன்றும் இல்லை. பந்தல் இல்லை. ஐயர் இல்லை. முற்றம் கூட்டித் தெளித்திருந்தது. குசினி வாசலில் இராசமலர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மகள் ஜெயரூபி வேலிக்கரையில் தலைவாழை இலை ஒன்று வெட்டிக்கொண்டு நின்றாள்.

“இண்டைக்கெல்லோ தங்கச்சி, அந்தியேட்டி?” என்றார்.

“ஓம். இண்டைக்குத்தான்.”

“ஐயர் இன்னும் வரேல்லையோ?”

“வரவேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்.” சுளகை ஒரு தட்டுத் தட்டிவிட்டு அவள் நிமிர்ந்து பார்த்தாள். தலையிலிருந்து கால்வரைக்கும் பார்த்தாள். அவருக்குக் கொட்டாவி வந்தது, அடக்க முடியவில்லை. “கொட்டாவி,” என்றாள். “மூக்காலை ஓடுது. மயிர் கூச்செறிஞ்சு நிக்குது. கால் ஒரு இடத்திலை நிக்குதில்லை. எனக்கு உதெல்லாம் பாடம், டொக்டர். ரெண்டு வருசம் பாத்தனான்.”

பரமலிங்கத்தார் மண்ணில் குந்தினார். எல்லாவற்றையும் சொன்னார். எட்டுச் செலவில் அட்டையை எடுத்ததை, மஞ்சள் குளிசையை, தெரிந்துகொண்டும் கேட்காமல் விட்டதை. இருதயம் என்று சொன்னது பொய் என்றார். அந்தியேட்டியைச் செய்யச் சொல்லிக் கும்பிட்டார். அவளுடைய காலைத் தொடப் போனார். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

“நீங்கள் அட்டையை எடுக்கேக்கை நான் யன்னலுக்குள்ளாலை பாத்துக்கொண்டு நிண்டனான்,” என்றாள். “கத்தியிருப்பன். பிறகு யோசிச்சன், கொண்டு போகட்டும். படைச்சது எங்கை போகுதோ அங்கை அவனும் போவான்.”

“அவன் பாவம், தங்கச்சி. அலைய விடாதேங்கோ. நீங்கள் பெத்த பிள்ளை.”

“ஓம், நான் பெத்ததுதான். அலைய விடுறன் எண்டு எனக்குத் தெரியும். அதுக்கு ஒவ்வொரு நாளும் அவனிட்டை மன்னிப்புக் கேக்கிறன்.” அவளுடைய குரல் முதல் தடவையாக உடைந்தது. பிறகு சரியானது. “அந்தியேட்டி செய்தால் அவன் போயிடுவான், டொக்டர். அவன் போனால் உங்களை ஆர் பாக்கிறது?”

ஜெயரூபி இலையைக் கழுவிக்கொண்டு வந்து, வீட்டுக்குள் போய், நடு அறையில் விரித்தாள். அந்த இலையில் ஒன்றும் வைக்கவில்லை. சோறு இல்லை, கறி இல்லை, தண்ணீர்ச் செம்புகூட இல்லை.

அறைக்குள்ளிருந்து தேசிக்காய் மணம் வந்தது.

அவர் போகக்கூடாது என்று நினைத்தார். நினைத்துக்கொண்டிருக்கும்போதே எழும்பிவிட்டார். படலை பின்னால் திறந்துதான் கிடந்தது. சைக்கிள் அங்கேதான் நின்றது. ஒருவரும் அவரைப் பிடிக்கவில்லை. ஐந்து நாள். ஐந்து நாளாக ஒரு துணுக்குக்கூட இல்லை. கால் படியேறியது. இன்னொரு கால். அறையின் இருட்டு குளிர்ந்திருந்தது. இலைக்கு முன்னால் சப்பணம் கட்டி இருந்தார். படைத்துவிட்டால் செத்தவர் ஆறுதலாகச் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே சத்தமில்லாமல் இருப்பது அந்தச் சனத்தின் வழக்கம். இராசமலர் கதவைச் சாத்தினாள்.

இருட்டு.

தகரம் இல்லை இங்கே. ஓலைக் கூரை. காற்று உரசிக்கொண்டு போகிற சத்தம் மட்டும். பிறகு அதுவும் இல்லை.

இலைக்கு மறுபக்கம் யாரோ இருந்தார்கள். ஒரு கால் மடிந்த சத்தம். ஒரு கால்தான்.

நாடியில் பெருவிரல். குளிர். வாய் திறந்தது.

வெள்ளைக் குளிசை. முழுசாக ஒன்று. நாக்குக்கு அடியில். கசப்பு. எவ்வளவு நல்ல கசப்பு. அவருக்கு அழுகை வந்தது. கால் உதைப்பது நின்றது. கூச்செறிந்த மயிர் படிந்தது. நெஞ்சு இளகியது. உள்ளங்கை வந்து உதட்டைப் பொத்தும் என்று காத்திருந்தார்.

பொத்தவில்லை.

விரல்கள் மறுபடி வந்தன. இந்தத் தடவை வைத்தது வேறு. சப்பையானது. விளிம்பு கூரானது. நடுவில் ஒரு கோடு. இருட்டில் நிறம் தெரியாது. நிறம் பார்க்க அவசியமும் இல்லை. முப்பது வருசம் அந்தக் கோட்டில் நகத்தை வைத்து உடைத்தவர்.

மஞ்சள்.

துப்பவேண்டும். துப்பிவிட்டுக் கத்தவேண்டும். கதவுக்கு வெளியே இரண்டு மனிதர் இருக்கிறார்கள். நாக்கைத் தூக்கினார். நாக்கு பாரமாக இருந்தது. மூச்சை இழுத்தார். அது அரைவாசி தூரம் வந்து, அங்கேயே நின்று யோசித்து, திரும்பிப் போனது.

இன்னொரு மஞ்சள்.

வெளியே ஜெயரூபியின் குரல் கேட்டது. வெகு தூரத்தில் யாரோ பேசுவதுபோல. “அம்மா, கதவைத் திறப்பமே?”

“இன்னும் கொஞ்சம் இரு, பிள்ளை,” என்றாள் இராசமலர்.

மூச்சு. நீண்ட நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு மூச்சு. பயம் எங்கேயோ இருந்தது, அவருக்கே தெரிந்தது, ஆனால் அது அவருடையது இல்லை போல் இருந்தது. உடம்பு சுகமாக இருந்தது. முழங்கால் நோகவில்லை. ஒன்றும் நோகவில்லை. விரல்கள் இலைக்கு மேலே காத்துக்கொண்டு நின்றன. இந்தத் தடவை அவை நாடியைத் தொடவில்லை.

மூன்றாவது மஞ்சளுக்குப் பரமலிங்கத்தார் தானாகவே வாயைத் திறந்தார்.